குட்டைக் கரையை வெட்டினோம்

உப்பேரி நடுவே தீவாகக் கிடக்கும் பசியாவரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நான் ஏரியில் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு உப்புநீர்க் குட்டை. ஏரியிலிருந்து அதைப் பிரிக்கும் மண்கரையைப் போட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடில்லை. ஏரி நத்தையை மிதித்தால் பாதம் வலிக்கும். குட்டை நத்தையோ மிதித்ததும் நொறுங்கிவிடும். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆராய்ச்சிக்காகச் சென்னையிலிருந்து வந்த பெண்தான் சொன்னாள். நத்தை பொறுக்க என்னைத் துணைக்கு வைத்திருந்தாள். "ரெண்டும் ஒரே வகைதான்க்கா. ஏரியில நண்டு உடைச்சுத் தின்னுது. கெட்டி ஓடு இருக்கறது தப்பிக்குது, அதோட குஞ்சுக்கும் கெட்டி ஓடு. குட்டையில நண்டே இல்ல. அங்க ஓட்டுக்குச் சத்து செலவாகாததால மெல்லிசு ஓடு இருக்கறதுதான் சீக்கிரம் வளர்ந்து நெறைய முட்டை போட்டிருக்கு."

அவள் பரீட்சைக்காக ஊருக்குப் போயிருந்த மாதங்களில் ஏரியில் மீன்பாடு சரியில்லை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்தார்.

"கரைய வெட்டினா நண்டு உள்ள வரும். வீட்டாண்டயே பிடிக்கலாம்."

"அந்தப் பொண்ணோட நத்தைங்க..."

"நத்தை இன்னா சோறா போடுது?"

நான் மறுக்கவில்லை. வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டியதும் நான்தான். நண்டு வந்தது. வயிறாரச் சாப்பிட்டோம். ஆனால் சில மாதங்களில் குட்டையில் கால் வைத்தால் ஓட்டுச் சில்லுகள்தான் குத்தின.

திரும்பி வந்தவள் கை நிறைய சில்லுகளை அள்ளிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தெரியாமதானே செஞ்சீங்க" என்றாள்.

"தெரிஞ்சுதாம்மா செஞ்சேன்."

அன்று நான் சமைத்ததைச் சாப்பிடாமல் படகேறினாள்.

சில வருஷம் கழித்து மறுபடியும் வந்தாள். குட்டையில் காலை முழுக்கத் தேடியதில் ஒரு கைப்பிடி நத்தை கிடைத்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், உடையவில்லை.

"நண்டப் பாத்து இதுங்களும் ஓட்டைக் கெட்டியாக்கிக்கிச்சா?"

"இல்லக்கா. அந்தக் கூட்டத்துலயே ஒண்ணு ரெண்டு கொஞ்சம் கெட்டியா இருந்திருக்கும். அதோட வம்சந்தான் இது. மீதியெல்லாம் செத்துப்போச்சு."

எல்லாம் பிழைத்துக்கொண்டன என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பொய் சொல்லவில்லை.

"கரைய அடைச்சிடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. என் ஆராய்ச்சியில இதையும் எழுதப்போறேன். கரை தானா உடைஞ்சுதுனு போட்டுக்கறேன்."

"உடையல. நண்டுக்காக நாங்க வெட்டினோம்னே எழுது" என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள்.