மூன்றாம் இலக்கப் போத்தல்

ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் எங்கள் குசினியைச் சீர்திருத்தினேன். கட்டுகஸ்தோட்டைக் கடையில், நசித்தால் மூக்கு வழியே வடியும் வெள்ளைப் பிளாஸ்டிக் போத்தல்கள் ஆறு வாங்கினேன். தேங்காயெண்ணெய், வினாகிரி, கித்துள் மரத்து இனிப்புப் பாணி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் எல்லாம் அவற்றுக்குள் போயின. பெயர் எழுதினால் எண்ணெய் பட்டு அழியும் என்பதால் இலக்கம் கீறினேன். எதில் என்ன என்ற பட்டியலை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். முப்பது வருடம் அரசாங்கக் களஞ்சியம் பார்த்தவனுக்கு இது சின்ன வேலை.

"பட்டியல் பாத்தே நான் சமைக்கிறது?" என்றாள் மனைவி. பதில் தேவைப்படாத கடிதமாக அதைக் கோவையில் போட்டேன்.

அவளுக்கு நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி. ஆகவே வீட்டில் சீனிக்குத் தடை. என் தயிருக்கு ஊற்றும் பாணிக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தேன்.

ஒரு மழைநாள் காலை அவள் ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தாள். பேக்கரியில் பாண் வாங்கப் போன எனக்கு பஸ் பிந்திவிட்டது. நனைந்துகொண்டு வந்து பார்த்தால், குசினிக் கதிரையில் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பாணை நீட்டினேன்; மெல்லத் தெம்பில்லை. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டது. நினைவு தப்புமுன் இனிப்புக் கொடுக்க வேண்டும். நடைமுறை எனக்குத் தெரியும்.

பட்டியலில் பாணி மூன்றாம் இலக்கம். எடுத்தேன்.

"வாயைத் திறவும்."

பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சீனி இறங்கினால் நோயாளி முரண்டு பிடிப்பார் என்றும் வாசித்திருந்தேன்.

"பிடிவாதம் பிடியாதையும்!"

போத்தல் மூக்கை உதடுகளுக்கிடையே அழுத்தினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பழுப்பாக, கெட்டியாக என் மணிக்கட்டில் வழிந்தது. மழை ஈரத்தில் அது நுரைத்தது.

"சோப்பு..." என்றாள்.

"அப்ப பாணி எங்கயப்பா?"

கண் சொருகத் தொடங்கியது. கன்னத்தில் தட்டினேன்.

"யன்னலடி... தண்ணிக்க... எறும்பு..."

யன்னலடியில், எறும்பு ஏறாமல் வைத்த தண்ணீர்க் கோப்பைக்கு நடுவே, நான்காம் இலக்கப் போத்தல் நின்றது. நசித்தேன், வரவில்லை. மூக்கில் பாணி கட்டியாகி அடைத்திருந்தது. கத்தியால் மூக்கைச் சீவி, இம்முறை முதலில் நான் நக்கிப் பார்த்தேன். பிறகு அவள் கன்னத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக விட்டேன்.

"விழுங்கும். இன்னும் கொஞ்சம். விழுங்கும்."

கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்கிறது நடைமுறை. காத்திருப்பவன் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எதுவும் இல்லை. அவள் கையைப் பிடித்தபடி தரையில் இருந்தேன். மெல்ல வியர்வை அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எனக்குச் சோப்புப் பருக்கப் பாத்தனீங்கள், என்ன?"

"பட்டியலில மூண்டு எண்டால் பாணி..."

"கழுவி நிரப்பேக்க மாத்திப்போட்டன். போன மாசம்."

"சொல்லியிருக்கலாமே?"

"எறும்பு கேக்காமலே கண்டுபிடிச்சுது. நீங்கள் தினமும் தயிருக்கு விட்டுத் தின்னுறனீங்கள், உங்களுக்குத் தெரியேல்லை."

தயிரில் பாணி ஊற்றுவது எப்போதும் அவள்தான்.

"சரி, இனிப் பாணைத் தாங்கோ" என்றாள்.

வெட்டுவதற்காகப் பாணி ஒட்டிய கத்தியைத் துடைத்தேன். அவள் பாணை வாங்கி, பிய்த்துத் தின்னத் தொடங்கினாள்.