பாண்டிச்சேரியில் ஒரு போர்த்துகீசியப் படம், கடலூர் வழியாக

நம் வகுப்பில் நாலைந்து பேர் பாண்டிச்சேரி திரைப்படச் சங்கம் போடும் அடுத்த படத்துக்குப் போக ஆசைப்படுகிறீர்கள். அதனால்தான் போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நான் போய்வந்ததை இந்த நோட்டில் எழுதுகிறேன். வீட்டில் கடலூரில் அறிவியல் கண்காட்சி என்று சொல்லியிருந்தேன். அழைத்துப்போனது பக்கத்து வீட்டு மேரி அக்கா. கடலூரில் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். பொய் சொல்லி ஊர் சுற்றினால் அன்றோடு படிப்பு நின்றது என்று, பீங்கான் கம்பெனிச் சூளையில் வேலை பார்க்கும் அப்பா முன்பே சொல்லியிருக்கிறார். இப்போது அடுத்த அறையில் படுத்திருக்கிறார். தூங்கிவிட்டாரா, தெரியவில்லை.

விருத்தாசலத்தில் காலை ஆறு பத்துக்கு பஸ். நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் அறுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய் எழுபது காசு. வலதுபக்கம் உட்காராதீர்கள், வெயில். கண்டக்டர் என்னையே பார்த்தார்.

"பீங்கான் கம்பெனி லைன் பொண்ணுதானே நீ? அப்பா வரலியா?"

மேரி அக்கா முந்திக்கொண்டாள். "கண்காட்சிக்கு அப்பா எதுக்குண்ணே? அவரா பரீட்ச எழுதப் போறாரு?"

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கம் இருபது நிமிடம் நடந்தால் சங்கம் படம் போடும் மண்டபம். பதினொரு மணிக்குப் படம். வசனம் போர்த்துகீசியம், கீழே ஆங்கில எழுத்து ஓடும். வேகமாகப் படிக்கத் தெரிய வேண்டும்.

கதை இதுதான். கணவனை ஆப்பிரிக்கச் சண்டைக்கு அனுப்பிவிட்ட ஒரு பெண், கூரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சரக்கு உடனே வேண்டும் என்று முதலாளி நெருக்குகிறார். செங்கல் வைத்து அடைத்த சூளை வாயில் அவள் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மூன்று நிமிடம் அந்தக் கை மட்டும்தான்.

படம் முடிந்ததும் சண்டை. "தூக்கம் வருது சார்" என்றார் ஒருவர். மெட்ராஸிலிருந்து வந்திருந்த விமர்சகர், அந்தக் கைதான் படமே, அது கணவனை நினைத்துத் துக்கப்படும் கை என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"இல்லைங்க. சூடு எறங்கிடுச்சான்னு தொட்டுப் பாக்குது அந்தம்மா. அவசரப்பட்டுப் பிரிச்சா உள்ள இருக்குற அத்தனையும் வெடிச்சுப் போயிடுங்க. மொதலாளி பிரிக்கச் சொல்றாரு. அது மாட்டேங்குது."

"நீ எந்த ஊரும்மா?" என்றார் விமர்சகர்.

"விருத்தாசலங்க."

"சூளைக்காரங்களக் கேக்காம நாம பாட்டுக்குப் பேசிட்டிருக்கோம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். விமர்சகர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

வெளியே வரும்போது கருத்து எழுத அட்டை கொடுத்தார்கள். பரீட்சைத் தாள் நினைப்பில் பெயர், தந்தை பெயர், முகவரி என்று வரிசையாக நிரப்பி, கீழே சூளையைப் பற்றிச் சொன்னதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். கருத்துகளை அச்சடித்து எழுதியவர்களுக்கே தபாலில் அனுப்புவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் தொழிலாளர் வீட்டு லைனுக்கு வரும் தபாலெல்லாம் கம்பெனி கேட்டில் அப்பாக்கள் கையில்தான் கொடுக்கப்படும்.

இன்று சாயங்காலம் அந்த அச்சுத் தாள் அப்பாவின் சட்டைப் பையில் வந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சூள வாயப் பாக்கறதுக்குப் பாண்டி வரைக்கும் போனியா? இங்க இருக்குறது பத்தலியா?"

நான் தாளைப் படித்துவிட்டு மடித்து அவரிடமே கொடுத்தேன்.

"கண்காட்சின்னு சொன்னியே. சரி, காலைல பேசிக்கலாம்."

கொல்லைப்பக்கம் மேரி அக்கா காத்திருந்தாள். "நீ கண்காட்சியிலதான் இருந்த, பாண்டிக்குப் போனது நான், ஒம் பேர்ல எழுதுனதும் நான்தான்னு சொல்லிடு. திட்டு எனக்கு வரட்டும்" என்றாள்.

போகிறவர்கள் கவனிக்க: திரும்பும்போது மூன்றரைக்குள் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள், அப்போதும் விருத்தாசலம் வர ஏழு ஆகிவிடும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். முடியாதென்றால் அட்டையை வெறுமையாகவே திருப்பிக் கொடுங்கள்.

அந்தத் தாளில் என் வரிகளுக்குக் கீழே அந்த விமர்சகர், தான் பார்த்தது தவறு, இந்தப் பெண் சொல்வதே சரி என்று எழுதியிருக்கிறார். அப்பா அதையும் படித்திருப்பார். மேரி அக்கா சொன்னதைச் சொன்னால் நாளைக்கும் பள்ளிக்கூடம் வரலாம். ஆனால் அந்த வரிகள் அவளுடையவை ஆகிவிடும். காலையில் அப்பா கேட்டால், எழுதியது நான்தான் என்று சொல்லப் போகிறேன்.