இறக்கைக்கு விட்ட ஓட்டை

அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு விமானம். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என்ஜின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் கிளைடர் அது. பேருந்துப் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர், தபாலில் வரவழைத்த வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே செய்தார். "என்ஜின் எப்ப சார் வரும்?" என்று தெருவே கிண்டலடித்தது. இறக்கைமேல் போர்த்திய துணி பட்டா என்று கேட்காத ஆளில்லை. காஞ்சிபுரத்தில் துணி என்றால் பட்டு மட்டும்தானா? வெறும் பருத்தி, மேலே வார்னிஷ்.

எங்கள் வீடு முன்பு தறி ஓடிய வீடு. கூடம் ரயில் பெட்டி மாதிரி நீளம். அந்த நீளத்துக்காகத்தான் அப்பா வீட்டையே வாங்கினார் என்று அம்மா கடைசிவரை புலம்பினாள். அவர் கட்டை அறுக்கும்போது மறுமுனையைப் பிடிப்பது என் வேலை. தம்பிக்குத் தூசி ஆகாது, தும்மிக்கொண்டே ஓடிவிடுவான். "ஆடாம புடிமா, ஆடுனா பிசிறு வந்துடும்" என்பார் அப்பா. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடிப்பேன்.

கோடையில் தாமல் ஏரி வற்றியதும், அந்தத் தரையில் ஜீப்பில் கட்டி இழுத்துப் பறக்கவிடுவதாகத் திட்டம். வேலை முடிந்த வருஷம் பார்த்து ஏரி வற்றவே இல்லை. ஊரெல்லாம் தண்ணீரைப் பார்த்து மகிழ, அப்பா மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். அடுத்த கோடைக்குள் பக்கவாதம் வந்துவிட்டது. "வூடு ரெண்டு பேருக்கும். கிளைடர் உனக்குத்தாம்மா" என்று குழறிக் குழறிச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அப்பா போனபின் வீட்டைப் பாகம் பிரித்தோம். கூடத்தின் குறுக்கே சுவர். கழற்றி விட்டத்தில் தொங்கவிட்டிருந்த இரண்டு இறக்கைகளும் என் பாதிக்குள் அடங்கவில்லை. நுனிகள் தம்பி பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. கொத்தனார் அவற்றைச் சுற்றி ஓட்டை விட்டுச் சுவர் எழுப்பினார்.

வேறு இடம் தேடி அலைந்தேன். ஓரிக்கையில் ஒரு கொட்டகை கிடைத்தது, ஆனால் கூரை ஒழுகியது. நனைந்தால் பசை விட்டுவிடும். ஒரு கல்லூரிக்காரர் வந்து பார்த்தார். மூக்குப் பகுதி மட்டும் போதும், வரவேற்பறையில் அழகுக்கு வைக்கலாம் என்றார். வாசலைக் காட்டினேன்.

போன மாதம் தம்பி வந்து உட்கார்ந்தான்.

"வாடகைக்கு வர்றவங்க எல்லாம் ஏசி கேக்கறாங்கக்கா. ஓட்டை இருந்தா குளிர் பூரா உன் பக்கம் வந்துடுது. வந்து வந்து பாத்துட்டுப் போயிக்கினே இருக்காங்க."

"நுனிய அறுத்துட்டா அப்புறம் அது கிளைடரே இல்லடா."

"இப்ப மட்டும் பறக்கவா போவுது?"

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நேற்று ரம்பத்தோடு வந்தான். அப்பாவுடைய ரம்பம். சுவருக்கு அந்தப் பக்கம் ஏணியில் ஏறினான். முதல் இழுப்பிலேயே என் பக்கத்து இறக்கை முழுவதும் அதிர்ந்தது.

"ரொம்ப ஆடுதுக்கா. கொஞ்சம் ஆடாம புடியேன்" என்று ஓட்டை வழியாகக் கத்தினான்.

ஸ்டூலில் ஏறிப் பிடித்தேன். இரண்டு இறக்கைகளுக்கும் பிடித்தேன். பிசிறே வரவில்லை.