மச்சினன் கை

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. மேலதிகாரிகள் மட்டும் ஏராளம், ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் மேலதிகாரிதான். உங்கள் வீட்டிலும் பக்கவாதக்காரர் இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தெட்டு வயதில் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் விழவில்லை.

கட்டிலில் இன்னொருவர்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, இட்லித் தட்டை வைத்தேன். அவர் வலது கையால் தன் இடது கையைத் தூக்கி, பூனையை அப்புறப்படுத்துவதுபோலக் கட்டிலுக்கு வெளியே தள்ளினார். "என்ன பண்ணுறீங்க?" என்றேன். "ஒன் தம்பி கைய எடுக்கச் சொல்லு" என்றார்.

என் தம்பி இருப்பது வள்ளியூரில். இவருக்கும் அவனுக்கும் பல வருஷமாக ஆகாது. சரி, குசும்பு குறையவில்லை என்று நினைத்தேன். ஆனால் முகத்தில் சிரிப்பே இல்லை. குளிக்கும்போதுகூட வாட்சைக் கழற்றாத மனிதர் என்பதால், கண் விழித்ததும் தேடுவாரே என்று அதை அந்தக் கையில் கட்டிவிட்டிருந்தேன். இது யாருடைய வாட்ச் என்று கேட்டேன். கான்வென்ட்டில் படித்தவள், ஆதாரம் காட்டித்தான் பேசுவேன். அவர் அசரவே இல்லை.

"அதத்தாம்ட்டி நானும் கேக்கேன். என் வாட்ச ஒன் தம்பி எதுக்குக் கெட்டியிருக்கான்?"

டாக்டரிடம் சண்டை

மூளைக் கோளாறா, பைத்தியமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று நரம்பு டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமைசாலி. இது நான், இதுவும் நான் என்று மூளை ஒவ்வொரு உறுப்பையும் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாம், நமக்குத்தான் கேட்பதில்லை. இவருக்கு மூளையின் வலது பக்கம் அடிபட்டதால், இடது கை விஷயத்தில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கண்ணுக்கு ஒரு கை தெரிகிறது, ஆனால் என்னுடையது என்கிற உணர்வு வரவில்லை. அதனால் அந்தக் கைக்கு வேறொரு ஆளை மூளையே தேடிப் பிடித்துவிடுகிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் பெரிய குண்டு. தன் கை என்று நினைக்காதவர் அதற்குப் பயிற்சி கொடுக்கமாட்டார். முதல் சில மாதங்களை விட்டுவிட்டால் கை மடங்கி இறுகிவிடும். அப்புறம் கம்பிச் சுருள் எங்கே கட்டுவது, கடைக்கு எங்கே போவது? அது இருக்கட்டும், அத்தனை பேரை விட்டு என் தம்பி ஏன் என்று கேட்டேன்.

"தெரிஞ்ச ஆள் பேரத்தாம்மா மூளை தேடும். உங்க கைன்னு சொல்லலையேன்னு சந்தோஷப்படுங்க."

கண்ணாடி வைத்தியம்

பயிற்சி கொடுக்க மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் தினமும் ஆட்டோவில் வந்தாள். "இடது கையத் தூக்குங்க அண்ணாச்சி" என்பாள். "அவன்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்பார் இவர், ரொம்ப மரியாதையாக. எனக்கு ரத்தம் கொதிக்கும்.

ஒருநாள் அவள் பீரோவின் ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே அவரை உட்கார வைத்தாள். கண்ணாடியில் தெரிகிற கை யாருடையது என்றாள். "என் கைதான். வேற யாரு கை?" என்றார். பிறகு அவர் தலையைக் குனிந்து மடியைப் பார்த்தார். "இது மச்சினன் கை." நான் கத்திவிட்டேன். அந்தப் பெண் என் தோளைத் தொட்டாள்.

"விடுங்கக்கா. கண்ணாடி வரைக்கும் வந்துட்டாரு, வீட்டுக்குள்ளயும் வந்துருவாரு."

சொந்தக்காரர் வருகை

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியே வந்துவிட்டான், வாசலில் தயங்கிக்கொண்டு. "வாரும்வே. ஒம்ம கைய எடுத்துட்டுப் போவும்" என்றார் இவர். தம்பி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான். "எனக்கு ரெண்டும் இங்கன இருக்கே அத்தான்." இவர் யோசித்தார். "அப்ப இது மூணாவது. ஒமக்கு எல்லாமே கூடத்தான்."

சண்டை வரப்போகிறது என்று நான் நடுவில் போய் நின்றேன். தம்பி என்னை விலக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பயிற்சிக்கு வந்திருந்த அந்தப் பெண் சொல்லித்தர, ஒவ்வொரு விரலாக நீட்டி மடக்கினான். அரைமணி நேரம். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தவறவில்லை. இத்தனை தூரம் பஸ்ஸில் வந்து எதற்கடா சிரமப்படுகிறாய் என்று கேட்டேன்.

"என் கைன்னு சொல்லுதாருல்லா, அப்ப நாந்தானக்கா பாக்கணும்."

நகம்

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், அந்த இடது கைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் வைத்திருந்த அவசரம். வலது கையில் பேப்பரைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: "பைய வெட்டுட்டி. என் சதையையும் சேத்து வெட்டுத."

நகவெட்டியைக் கீழே வைத்தேன். பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்கிறது, எழுந்திருக்கவும் முடியவில்லை. அழுதுவிடுவேனோ என்ற பயத்தில், "உங்க மச்சினன் விரல்தான, உங்களுக்கென்ன?" என்று கேட்டேன். அவர் பேப்பரை இறக்கிவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரல், நெல்மணி அளவுக்குத்தான், அசைந்தது.

"ஒன் தம்பி விரலுன்னா நீ இப்படியா வெட்டுவ? பாத்துல்லா வெட்டிருப்ப."

அவர் கை அவருக்குத் திரும்பிவிட்டது, ஆனால் என் துண்டில் முகம் துடைப்பதும் என் டம்ளர் காபியைக் குடிப்பதும் முப்பது வருஷமாக அப்படியேதான் இருக்கின்றன, அந்தக் கோளாறுக்கு மூளையில் எந்தப் பக்கம் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.