மகளிடமே விட்ட முடிவு

பதினெட்டு வயதான பிள்ளையின் மதிப்பெண்களைப் பற்றிப் பெற்றோரிடம் பேச, இந்த நாட்டில் பிள்ளையிடம்தான் அனுமதி கேட்கிறார்கள். பான் நகரில் எங்கள் மகள் ஆரணி படித்த பாடசாலையில், பெற்றோரைச் சந்திக்கும் நாளொன்றில் இதை அறிந்துகொண்டேன். "பேசலாமா?" என்று ஆசிரியை கேட்டார். "தாராளமாகப் பேசுங்கள், நான்தான் தகப்பன்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தபடி, "நான் உங்களைக் கேட்கவில்லை" என்றார். ஆரணி என்னைப் பார்த்தாள். அனுமதி கொடுக்க என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை அது. நான் தலையாட்டிய பிறகுதான் அவள் ஆசிரியைக்குச் சம்மதம் சொன்னாள். வீட்டுக்கு வந்து என் மனைவி வசந்தியிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது படுகிறது.

அந்தக் கோடையில் அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று லண்டனில், கட்டடக்கலைக்குப் பேர்போன கல்லூரி. பெயரைக் கேட்டதுமே டொரொன்டோவில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் கத்தியே விட்டார். மற்றது டிரெஸ்டனில், அரசாங்கப் பல்கலைக்கழகம். எங்கள் மாநிலமும் அல்ல, நாட்டின் மறுகோடி. அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதோடு, அவளுடைய மதிப்பெண்களுக்காக ஸ்டிபெண்டியம், அதாவது மாதாமாதம் உதவித்தொகையும் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் உறவில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. "கிழக்குப் பக்கமோ அனுப்பிறியள்? அங்க எங்கட ஆக்களுக்கு அவ்வளவு நல்லமில்லை எண்டு சொல்லினம்" என்று கோயிலில் கண்டவர்கள் பயங்காட்டினார்கள். லண்டனுக்கோ பணம் வேண்டும். இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனபிறகு, ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளைக்கும் அங்கே வெளிநாட்டுக்காரர் கட்டணம்தான். நான் மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறேன், வசந்தி முதியோர் இல்லத்தில். கடன் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவளிடம் இதை நாங்கள் சொல்லவேயில்லை.

ஊரில் என் விஷயம் இப்படி நடக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் நான் பாஸானபோது யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. எனக்கோ கூட்டாளிகளோடு பக்கத்துப் பாடசாலையிலேயே இருந்துவிட ஆசை. என்னை யார் கேட்டார்கள்? என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா ஒரு திங்கட்கிழமை டிரங்குப் பெட்டியோடு என்னைக் கொண்டுபோய் ஹொஸ்டலில் விட்டுவிட்டு, திரும்பியும் பாராமல் பஸ் ஏறினார். பிறகு ஜெர்மனிக்கு அனுப்பியபோதும் அவரும் மாமாவும் பேசி முடித்தார்கள், எனக்குச் சேதி மட்டும் வந்தது. பல வருஷம் அவரோடு கோபமாகவே இருந்தேன். என் பிள்ளைக்கு நான் இப்படிச் செய்யமாட்டேன் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். இங்கே வெள்ளைக்காரர் பிள்ளை வளர்ப்பதைப் பார்த்தபிறகு அது இன்னும் உறுதியாயிற்று.

ஆகவே ஒருநாள் சாப்பாட்டு மேசையில் பெரிய தோரணையோடு சொன்னேன். "நீயே யோசிச்சு முடிவெடு பிள்ளை. நாங்கள் ஒண்டும் சொல்லமாட்டம்."

"ஓம் அப்பா" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "லண்டனில அறை வாடகை எவ்வளவாம்?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். அவள் தொகையைச் சொன்னாள். நான் "ம்" என்றேன். வசந்தி தன்பாட்டில், "எனக்கு இனிச் சனி ஞாயிறும் வேலைக்கு வரச்சொல்லிக் கேக்கினம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரம் முடியுமுன் ஆரணி டிரெஸ்டன் என்றாள். ஸ்டிபெண்டியம் கிடைக்கும்போது விடுவது மடத்தனம், லண்டன் தனக்குப் பிடிக்கவுமில்லை என்றாள். நாங்கள் நம்பினோம். "எங்கட பிள்ளை தானே எடுத்த முடிவு" என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது அவளுக்கு மூன்றாம் வருஷம். போன மாதம் அவளைப் பார்க்க டிரெஸ்டனுக்குத் தனியாகப் போனேன். யூலியா என்ற ஜெர்மன் பெண்ணோடு ஒரு வீட்டைப் பகிர்ந்து இருக்கிறாள். வசந்தி பொரித்துக் கட்டித்தந்த மீன் ரோல்ஸைச் சமையலறையில் வைத்து மூவரும் சாப்பிட்டோம். யூலியா வாய் நிறைய ரோல்ஸோடு என்னிடம் சொன்னாள்: "உங்கள் மகள் நல்லவள். உங்களுக்காக லண்டனையே விட்டாளே. நான் என்றால் விட்டிருக்க மாட்டேன்."

"இல்லையே, அது அவளே எடுத்த முடிவு" என்றேன்.

"ஆமாம், அதைத்தானே நானும் சொல்கிறேன்" என்று அவள் இன்னொரு ரோல்ஸை எடுத்தாள். அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். ஆரணி எழுந்துபோய்த் தேத்தண்ணி போடக் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். முகத்தை எனக்குக் காட்டவில்லை.

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது கேட்டேன். "உண்மையே பிள்ளை?"

"விடுங்கோ அப்பா."

"நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

"ஓம், சொல்லேல்லை. போ எண்டும் சொல்லேல்லை."

"கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பம்."

"தெரியும்" என்றாள். "அதாலதான் கேக்கேல்லை."

ஜெர்மன் வீட்டில் 'உன் முடிவு' என்றால் அது பிள்ளையின் முடிவுதான். அந்தப் பிள்ளை லண்டன் என்று சொல்லும், பணத்துக்கு என்ன வழி என்று தாய் தகப்பனோடு சண்டையும் பிடிக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளையோ 'உன் முடிவு' என்று கேட்டதும் எங்கள் முகத்தைத்தான் பார்த்தது. நான் 'ம்' கொட்டியதும், தாய் சனி ஞாயிறு என்றதும் அதற்குப் போதுமாயிருந்தது. டிரெஸ்டன் குறைந்த இடம் என்று நான் சொல்லவில்லை. படிப்பு நல்ல படிப்பு, பிள்ளை கடனில்லாமல் வெளியே வருவாள். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் எனக்குக் கோபிக்க ஒரு ஐயா இருந்தார். அவளுக்கு நான் அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை. தானே முடிவெடுத்த பிள்ளை யாரைக் கோபிப்பாள்?

பிளாட்பாரத்தில் நின்றபடி, அன்று கேட்கவேண்டியதை இப்போதாவது கேட்டேன். "மேல்படிப்புக்கு எங்க போக விருப்பம்? மறைக்காமல் சொல்லு. லண்டன் எண்டாலும் செய்வம்."

அவள் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "இங்கயே இருக்கிறன் அப்பா. எனக்கு இந்த ஊர் நல்லாப் பிடிச்சுப்போச்சு" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை எவ்வளவு பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பையை வாங்கிக்கொண்டு, போயிட்டு வாறன் என்று சொல்லி ஏறினேன். ரயில் புறப்பட்டதும் வசந்தி போனில் அழைத்தாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியாக ஆரணி சொன்னதையும் சொன்னேன்.

"அது ஜெர்மன் பிள்ளை சொன்னதோ, எங்கட பிள்ளை சொன்னதோ?" என்று வசந்தி கேட்டாள்.

ரயில் மேற்கே வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கிடைத்த இருக்கை, ஆரணி இருக்கும் கிழக்கைப் பார்த்திருந்தது.