கதவுப் பரிசோதகர் சுந்தரேசன்

பின்னால் இரண்டு பீரங்கி வண்டிகள் சுட்டுக்கொண்டிருக்க, சுந்தரேசன் ஒரு ரொட்டிக்கடையின் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. பக்கத்துக் கதவும் திறக்கவில்லை. மூன்றாவதை நெருங்குவதற்குள் செத்துப்போனார். கணினித் திரை சிவந்தது. "ஊரு பூரா கதவு. ஒண்ணாச்சும் தொறக்குதா? சுவத்துல பெயின்ட் அடிச்சு ஏமாத்துறான் சார்" என்றார், தன் மரணத்தைப் பொருட்படுத்தாமல்.

தலைநகரத்துக் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்புகளைப் பழுதுபார்க்கும் அலுவலகத்தில் அவர் இளநிலைப் பொறியாளர், மதுரைக்காரர். ஊரார் கதவுகளை ஆட்டிப் பார்ப்பதற்காகவே பாரத அரசு அவருக்குச் சம்பளம் தருகிறது. அவர் வீட்டுக்கு நேர் மேலே மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தாலும் கீலை அசைத்துப் பார்த்த பிறகே உள்ளே காலெடுத்து வைப்பார். மழையில் அடிப்பலகை உப்பி மூட மறுக்கும் அதே கதவைப் பற்றி நான் புகார் கொடுத்தால் மட்டும் வரமாட்டார்.

வீடியோ விளையாட்டுகளைத் தரம் பிரிக்க நிபுணர்கள் ஏதேதோ அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சுந்தரேசனிடம் இருப்பது ஒன்றுதான். நூற்றுக்கணக்கானோர் வருடக்கணக்கில் உழைத்து வெளியிடும் பெரிய கம்பெனி விளையாட்டு எதுவும் அதில் இதுவரை தேறவில்லை. "பளபளன்னு இருக்கு, அச்சா. மினிஸ்டர் வர்ற ரோடு மாதிரி. சந்துல திரும்பினா ஒண்ணுங் கெடையாது."

தேறியது, கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டில் கிடந்த ஒன்று. பின்லாந்தில் யாரோ ஒருவர் தனியாகச் செய்தது. மனிதர்களுக்கு மூக்குக்கூடக் கிடையாது. ஆனால் அதிலிருந்த கலங்கரை விளக்கத்தில் எல்லாக் கதவும் திறந்தன. ஒன்றின் பின்னால் வெறும் துடைப்பம். "தொடப்பத்துக்குன்னு ஒரு ரூம் கட்டிருக்கான் சார், தனியாளு! எவனும் பாக்கமாட்டான்னு தெரிஞ்சும் கட்டிருக்கான். அவன்தான் இஞ்சினீயர்!"

இந்தப் பிரசங்கம் தொடங்கினால் அவர் மகன் கௌதமன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான். நொய்டாவில் வேலை. ஏதோ டிசைனிங் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினான். "அரே அங்கிள், பெரிய கம்பெனிக்காரன் கேமுக்கு நாங்கதான் வரைஞ்சு குடுக்கறோம். நான் வரையறதே அந்தக் கதவுங்கதான். தொறக்காத கதவு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

போன ஞாயிற்றுக்கிழமை அவனே சொல்லிவிட்டான். புது விளையாட்டைக் கணினியில் போட்டுவிட்டு, "அப்பா, இதுல என் வேலை இருக்கு" என்றான்.

"எது?"

"இந்தத் தெரு... தெருல இருக்கிற கதவுங்க."

அடுக்களையில் சுந்தரேசனின் மனைவி உஷாராணி மிக்ஸியை நிறுத்தினார். நான் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். சுந்தரேசன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தெருவில் நடந்தார். ஒரு நீலக் கதவின் முன் நின்றார். தாழ்ப்பாளுக்குக் கீழே துரு வழிந்திருந்தது. அடிப்பலகை உப்பியிருந்தது.

"டேய், இது மாடி வீட்டுக் கதவுல்ல?"

"ஆமாப்பா. டெய்லி பாக்கறேன்ல."

"கீழ் கீல்ல ஒரு ஸ்க்ரூ இல்ல. அதையும் விடாம போட்டிருக்கான் பாரு!"

கதவு திறக்கும் பொத்தானை நோக்கி அவர் விரல் போயிற்று. கௌதமன் குனிந்துகொண்டான். பின்னால் பீரங்கி வண்டிகள் உறுமிக்கொண்டு வந்தன.

விரலை எடுத்துவிட்டார். கதவுக்கு முதுகைக் கொடுத்து, அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தூக்கிப் பீரங்கிகளைப் பார்த்துச் சுட ஆரம்பித்தார்.