பஞ்சாட்சரத்தின் எடை

தோல் வியாபாரம் தொடங்க பஞ்சாட்சரத்திடம் நான் வாங்கிய கடன் ஐயாயிரம். இன்று ஆம்பூரில் எனக்கு இரண்டு குடோன். அவன் இன்னும் என்னிடம் தோல் சுமக்கிறான். கடனைக் கொடுத்தால், “வேணும்போது வாங்கிக்கிறேன்” என்பான்.

நேற்று தோல் நிறுக்கும் தராசில் அவனை ஏற்றினேன். நாற்பத்தாறு கிலோ. உயரம் ஒன்று புள்ளி ஏழு மீட்டர். போன வாரம் மருத்துவ கேம்ப்புக்கு வந்த டாக்டரம்மா சொன்னபடி, மூணாங்கிளாஸ் படித்த நானே எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தேன். பதினாறுகூட வரவில்லை. பதினெட்டரைக்குக் கீழே போனாலே ஆபத்தாம்.

“உழைக்கிற உடம்புடா. உன் தொப்பையைப் பாரு” என்றான்.

“போன வருஷம் ஐம்பத்தெட்டு இருந்தியே, மீதியை எந்த லாரியில ஏத்தினே? வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

“உன் தர்மக் காசு வாணாம்.”

“தர்மமா? வேணும்போது வாங்கிக்கிறேன்னியே, இப்பதான் வேணும். கையை நீட்டு.”

முறைத்தபடியே நீட்டினான். ஐயாயிரத்தையும் அந்த எலும்புக் கையில் எண்ணி வைத்தேன்.